ஐந்து நிமிடத்தின் நீளம்

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள். என்னுடையதுதான், எனக்கே எனக்கு. தெருவில் இருப்பவர்கள் பார்த்திருக்கிறார்கள், பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் பார்த்திருக்கிறார்கள், உப்புக் கம்பெனியில் கூட வேலை செய்தவர்கள் அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். நான் மட்டும் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அது என்ன? முதுகு என்று சொல்லிவிடாதீர்கள். முன்னால் ஒரு கண்ணாடியும் பின்னால் ஒரு கண்ணாடியும் வைத்தால் முதுகு தெரிந்துவிடும். குறட்டை என்றும் சொல்லாதீர்கள். குறட்டை கேட்பதற்கு, பார்ப்பதற்கு அல்ல. சண்முகக்கனிக்கு விடை தெரியும். விடையை மனதுக்குள் வைத்துக்கொண்டுதான் அவள் அந்தக் காலை நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரியின் நரம்பியல் பிரிவுக்கு வெளியே, சுவரோரம் கிடந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வலிப்புதான் அது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கூட இருப்பது. காய்ச்சல் வந்தால் வந்தவளுக்குத் தெரிகிறது, பல்வலி தெரிகிறது, பிரசவ வலி தெரிகிறது. இது மட்டும் வந்துவிட்டுப் போன பிறகு, கடிபட்ட நாக்கையும் நனைந்த சேலையையும் சுற்றி நிற்கிறவர்களின் முகத்தையும் வைத்து, ஓகோ, வந்திருந்தது போல என்று கண்டுகொள்ள வேண்டியது. ஆள் இல்லாத நேரத்தில் வந்துபோன விருந்தாளியைப் பற்றி எதிர்வீட்டார் சொல்லக் கேட்பது மாதிரி. ஒரு தடவை டாக்டர் கேட்டார் என்று அவள் கணவன் செல்வகணேசன் அதைப் போனில் படம் பிடித்தான். டாக்டர் பார்த்தார், அவனும் பார்த்தான். நீ பாக்கியா என்று அவளிடம் நீட்டியபோது அவள் அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அடுப்பில் அன்றைக்குப் பாலே இல்லை.

பக்கத்தில் மகள் தர்ஷிகா, ஆறாம் வகுப்பு, பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்தவள், மடியில் இருந்த பையின் ஜிப்பை இழுப்பதும் மூடுவதுமாக இருந்தாள். உள்ளே கூப்பிட்டால் டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்பார். போன தடவையே கேட்டுவிட்டு, வீட்டில் யோசித்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிய கேள்வி. வலிப்பு நிற்காமல் நீண்டுகொண்டே போனால் என்ன மருந்து போடுவது, அதை யார் போடுவது. அன்றாடம் விழுங்குகிற மாத்திரை வேறு. இது அவசரத்துக்கு. டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நின்றுவிடும், அதற்கு ஒன்றும் வேண்டாம், ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பக்கத்தில் இருந்தால் போதும். ஐந்து நிமிடம் தாண்டிவிட்டால் அப்புறம் தானாக நிற்கும் என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. நேரம் ஆக ஆக மருந்துக்கும் கட்டுப்படாமல் போகும், உயிருக்கே ஆபத்து. அதனால் ஐந்து நிமிடம். எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம் மாட்டியிருந்தது. பேட்டரி தீர்ந்துகொண்டிருந்ததோ என்னவோ, வினாடி முள் கீழே இறங்கும்போது நன்றாக இறங்கி, மேலே ஏறும்போது ஒன்பதுக்குப் பக்கத்தில் ஒரு நடுக்கம் நடுங்கி, பிறகு ஏறியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஓர் எண்ணம் வந்தது. ஐந்து நிமிடம், ஐந்து நிமிடம் என்று இத்தனை வருடமாகக் காதில் விழுகிறதே, அது எவ்வளவு நீளம் என்று முழு நினைவோடு ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தால் என்ன. தர்ஷி பார்த்த ஐந்து நிமிடத்தைத் தானும் கண்ணைத் திறந்துகொண்டு பார்த்துவிட வேண்டும். முள் பன்னிரண்டுக்கு வரட்டும் என்று காத்திருந்தாள். வந்ததும் தொடங்கினாள்.

இப்போது விழுந்திருப்பேன். இப்போது கை மடங்கியிருக்கும். இப்போது வாயோரம் நுரை. மற்றவர்கள் சொன்னதை எல்லாம் வரிசையாக முள்ளின் மேல் ஏற்றிவைத்து ஒரு சுற்று ஓட்டினாள். இரண்டாவது சுற்றில் பெஞ்சின் இரும்பு உள்ளங்கைக்குச் சில்லென்று தெரிந்தது. அவ்வளவுதான், நினைப்பு வழுக்கிக்கொண்டு போய்விட்டது. கையில் இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நின்றுவிடும் என்று எல்லோருக்கும் யாரோ எப்போதோ சொல்லிவைத்திருக்கிறார்கள். உப்புக் கம்பெனியில் பாக்கெட்டுக்கு வாய் ஒட்டுகிற மிஷினில் அவள் உட்கார்ந்திருந்த காலத்தில் முதலில் வந்தபோது ஃபோர்மேன் சாமிதாஸ் தன் ஸ்பேனரைக் கொடுத்தார். மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனால், வெச்சுக்கம்மா, அடுத்த தடவைக்கு ஆவும் என்றார். கேலியாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு மிஷினிலிருந்து எடுத்து லேபிள் எண்ணுகிற இடத்தில் போட்டார்கள், அதற்குப் பிறகு வரவேண்டாம் என்றார்கள், அதையும் அக்கறையாகத்தான் சொன்னார்கள். ஒரு கல்யாண வீட்டில் சாம்பார்க் கரண்டி. விழித்தபோது கையெல்லாம் பெருங்காயம் மணந்தது. மீன் மார்க்கெட்டில் அவசரத்துக்கு வேறொன்றும் அகப்படாமல் ஒருத்தி அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு ஓடிவர, இன்னொருத்தி, ஏ மூதி, கைய வெட்டவா கொண்டாந்தே என்று பிடுங்கிப் போட்டாளாம். அதைச் சொல்லிச் சொல்லி அவளும் தர்ஷியும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் விழித்தபோது ஒரு பைக் சாவி இருந்தது. வளையத்தில் ஒரு பிளாஸ்டிக் மயில். கொடுத்த ஆள் இல்லை. அவர் எப்படி வீட்டுக்குப் போனார்? வண்டியைத் தள்ளிக்கொண்டே போனாரா? கொடுத்ததைத் திரும்ப வாங்கக் கூசிக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் நின்றாரா? பல நாள் அந்த ஆளையே நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் முகம் அவளுக்குத் தெரியாது. அவருக்கோ அவள் முகம் தெரியும், அதுவும் அவளே பார்த்திராத முகம். இரும்பைக் கொடுத்துவிட்டு எல்லோரும் இரண்டடி தள்ளி நின்றுகொள்கிறார்கள். அவ்வளவு பேரில் ஒருவராவது இரும்புக்குப் பதில் தன் கையைக் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் மட்டும் தெரிந்திருக்கவா போகிறது. தெரியாதுதான். இருந்தாலும் விழித்துப் பார்க்கும்போது உள்ளங்கை சூடாக இருந்திருக்குமே. நிமிர்ந்து பார்த்தாள். முள் எத்தனை சுற்றுச் சுற்றியது என்று தெரியவில்லை. ஐந்து நிமிடம் ஆகிவிட்டதா, ஆகவில்லையா, ஒன்றும் தெரியவில்லை.

சரி, மறுபடி. முள் பன்னிரண்டுக்கு வந்தது. இந்தத் தடவை யோசிக்க வேண்டியதை யோசித்துக்கொண்டே பார்க்கலாம் என்று தீர்மானித்தாள். மூன்று வழி சொன்னார் டாக்டரம்மா. ஒன்று, மூக்கில் அடிக்கிற ஸ்பிரே. மிடசோலம் என்று பெயர். மாவு மில்லின் பெயர் மாதிரி இருக்கிறது என்று தர்ஷி சொன்னாள். மூடியைக் கழற்றி, சொன்ன அளவு மூக்கின் இரண்டு துளையிலும் அடித்தால் போதும், ஊசி வேண்டாம், வாயைத் திறக்க வேண்டாம், உடம்பைத் திருப்ப வேண்டாம். இரண்டாவது, பின்பக்கம் வழியாக ஏற்றுகிற டயசிபாம். நல்ல மருந்து, நெடுங்காலமாக இருப்பது, வேலை செய்யும். ஆனால் பெரியவர்களுக்குக் கொஞ்சம் சங்கடம் என்று டாக்டரம்மாவே குரலைத் தாழ்த்திச் சொன்னார். மூன்றாவது, வீட்டில் ஒன்றும் வேண்டாம், 108-ஐக் கூப்பிடு, அவர்கள் வந்து தசையில் ஒரு ஊசி போடுவார்கள், அல்லது இங்கே கொண்டுவந்து நரம்பில் லோராசிபாம் ஏற்றுவோம். நரம்பு கிடைத்து, போடத் தெரிந்த ஆளும் பக்கத்தில் இருந்தால் அதைப்போல வேறில்லை. இருந்தால். சண்முகக்கனியின் வீடு ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம். கேட் போட்டிருந்தால் நிலக்கரி வண்டி முழுசும் போய் முடிய வேண்டும். எத்தனை பெட்டி என்று தர்ஷி எண்ண ஆரம்பித்தால் பாதியில் சலித்து விட்டுவிடுவாள், அவ்வளவு நீளம். ஆகவே மூன்றாவது போதாது. இரண்டாவதை நினைத்தாலே உடம்பு கூசியது. கட்டின புருஷனிடமே அதைப் போனில் சொல்ல நாக்கு எழவில்லை, ஏதோ இன்னொரு மருந்து என்று சொல்லி முடித்தாள். கூடத்தில் விழுந்து கிடக்கும்போது வாசல் கதவு திறந்திருந்தால்? சேலையை யார் விலக்குவது? யார் மறைத்து நிற்பது? உயிர் போகிற நேரத்தில் என்ன வெட்கம் என்று கேட்கலாம். வெட்கம் அந்த நேரத்துக்கு இல்லை, விழித்த பிறகுதான். எல்லாரும் பார்த்தது தனக்கு மட்டும் தெரியாமல், அவர்கள் கொடுக்கிற காப்பியை வாங்கிக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமே, அந்த நேரத்துக்குத்தான் வெட்கம்.

ஆகவே ஸ்பிரேதான் என்று அவள் மனம் வந்து நின்றது. வந்து நின்ற இடத்திலேயே இடறியது. தலைவலி மாத்திரையைத் தானே போட்டுக்கொள்ளலாம். சர்க்கரைக்காரர்கள் ஊசியையே தாங்களாகக் குத்திக்கொள்கிறார்கள். இந்த மருந்தை மட்டும் யாருக்காக வாங்குகிறோமோ அவள் எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது. தேவைப்படுகிற நேரத்தில் அவள் அங்கே இல்லை. இன்னொரு ஆள் வேண்டும். ஆள் இல்லாத வீட்டில் அது வெறும் குப்பி. ஆளுக்கு எங்கே போவது? செல்வகணேசன் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக், வருடத்துக்கு ஒரு தடவை வருகிறவன். எதிர்வீட்டு பியூலா அக்கா தங்கமானவள், ஆனால் ஜவுளிக்கடையில் வேலை, போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். தம்பி திருப்பூரில் ஒற்றை அறையில் பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிறான். மிச்சம் தர்ஷி. டாக்டரம்மா சொன்னதில் பாதியைத்தான் செல்வகணேசனிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லாத பாதி இது: ஸ்பிரே அடித்த பிறகு அம்மாவின் மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், சீராக இல்லையென்றாலும் வலிப்பு நிற்கவில்லையென்றாலும் உடனே ஆம்புலன்ஸ். பதினொரு வயதுப் பிள்ளை, அம்மாவின் மூச்சை எண்ணிக்கொண்டு. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒவ்வொரு நாளும் கதவைத் தட்டுவதற்கு முன்னால் அவள் கொஞ்சம் நிற்கிறாள். உள்ளே சத்தம் கேட்கிறதா என்று கவனித்துவிட்டுத்தான் தட்டுகிறாள். சண்முகக்கனிக்கு அது தெரியும். அவளும் அந்த நேரம் பார்த்துப் பாத்திரத்தை வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.

பைக்குள் போன் அதிர்ந்தது. எடுக்காமலே யார் என்று தெரிந்தது. செல்வகணேசனின் அக்கா ராமலெட்சுமி, தென்காசி. நல்ல மனுஷி, அதுதான் கஷ்டம். கெட்டவளாக இருந்தால் ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். தன் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தர்ஷிக்கு இடம் பேசிவிட்டாள். மாடியறையில் மேசை போட்டுவிட்டாள். தன் மகன் படித்த மேசை, மேலே புதுசாக ஒட்டுக் காகிதம்கூட ஒட்டிவிட்டாளாம். நாளைக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிடு, மறுநாள் நானே வந்து கூட்டிக்கொள்கிறேன் என்று நேற்றுச் சொன்னாள். அதற்கு முன்னால் ஒன்று கேட்டாள். அது மீன்முள் மாதிரி குறுக்கே நின்றுகொண்டு இறங்கவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. "பச்சப் புள்ள கையில மருந்தக் குடுத்து உனக்குக் காவலுக்கு வெக்கப் போறியா கனி?" என்றாள். இல்லை மதினி என்று உடனே சொல்லிவிட்டாள் சண்முகக்கனி. பிறகு, பார்க்கிறேன் மதினி என்றாள். இரண்டும் ஒரே மூச்சில் வந்தது. பிள்ளை போய்விட்டால் வீட்டில் என்ன இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். ஃபிரிஜ் ஓடுகிற சத்தம் இருக்கும். பக்கத்தில் யாரும் இல்லாதபோது வந்தால், வந்தது என்றே தெரியாமல் போகலாம். விழுந்த இடத்தில் விழித்து, ஏன் தரையில் படுத்திருக்கிறோம் என்று யோசித்து, எழுந்து, சேலை மாற்றி, யாரிடமும் சொல்லாமல் அரிசி களையலாம். விழிக்காமலும் போகலாம். அப்படி நினைத்தபோது பயம் வரவில்லை, வேறொன்று வந்தது. அப்போது அதைப் பார்த்தவர்கள் என்று உலகத்தில் ஒருவர்கூட இருக்கமாட்டார்கள் என்று தோன்றியது. போன் அதிர்வது நின்றது. கடிகாரத்தை மறந்தே போயிருந்தாள்.

மூன்றாம் தடவை அவள் முள்ளுக்காகக் காத்திருக்கவில்லை. எங்கே நின்றதோ அங்கிருந்தே தொடங்கினாள். இந்தத் தடவை எங்கே போய் விழுவோம் என்று அவளுக்குத் தெரியும், காலையிலிருந்து அங்கே போகாமல் இருப்பதற்காகத்தான் மற்ற எல்லா இடத்துக்கும் போய்க்கொண்டிருந்தாள். போன மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஸ்பிரே அப்போதே வீட்டில் இருந்தது, அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான் டாக்டரம்மா மூன்று வழியையும் மறுபடி சொல்லி யோசித்து வரச் சொன்னார். சண்முகக்கனி அதைப் பத்திரமாக வைத்தாள். பத்திரம் என்றால் அவள் வீட்டில் ஒரே இடம்தான், பீரோ. சங்கிலி, ரேஷன் கார்டு, தர்ஷியின் பிறப்புச் சான்றிதழ், அதோடு ஸ்பிரே. பீரோச் சாவி கூடத்தில் ஃபிரிஜ்ஜுக்கு மேலே. தர்ஷிக்கும் சொல்லிக்கொடுத்திருந்தாள். சாவியை எடு, பீரோவைத் திற, ஸ்பிரேயோடு ஓடி வா. இரண்டு தடவை ஒத்திகைகூடப் பார்த்தார்கள், அம்மா தரையில் படுத்து நாக்கைத் தொங்கவிட்டு நடித்தாள், தர்ஷி சிரித்துக்கொண்டே ஓடினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். காம்பிலிருந்து ஒரு இணுக்கை இழுத்தது வரைக்கும் நினைவு இருக்கிறது. இழுத்த இலை என்ன ஆனது என்று தெரியாது. மீதி பியூலா அக்கா சொன்னது. நிற்கவில்லை, வந்துகொண்டே இருந்தது. பியூலா அக்கா ஓடி வந்தபோது சண்முகக்கனி ஃபிரிஜ்ஜுக்கு முன்னால் தரையில் கிடந்தாள், தர்ஷி அவள் கையைப் பிடித்து விரல்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரியவில்லை. பீரோச் சாவி அம்மாவின் கைக்குள் இருந்தது.

யார் கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டியதே இல்லை, வீட்டில் வேறு ஆள் இல்லை. தர்ஷி ஃபிரிஜ்ஜின் மேலிருந்து சாவியை எடுத்தாள், எடுத்துக்கொண்டு திரும்பினாள், காலடியில் அம்மா கிடந்தாள், கையில் இரும்பு இருந்தது. குழந்தையிலிருந்து அவள் பார்த்ததெல்லாம் என்ன, அம்மா விழுவாள், யாராவது ஓடிவந்து கையில் இரும்பை வைப்பார்கள். அது பிரயோசனம் இல்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறாள், சாம்பார்க் கரண்டிக்குச் சிரித்திருக்கிறாள். தலைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. வைத்துவிட்டாள். கை மூடிக்கொண்டது. மருந்து பீரோவுக்குள், பீரோவின் சாவி அம்மாவுக்குள். பியூலா அக்கா வளையல் கழற்றுகிற மாதிரி தேங்காய் எண்ணெய் ஊற்றிப் பார்த்தாளாம். விரல் வழுக்கியதே தவிரத் திறக்கவில்லை. பீரோவை உடைக்க அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு போய், ஓங்க முடியாமல் திரும்பினாளாம். கேட் போட்டிருந்தது. ஆம்புலன்ஸ் கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றது. அவர்கள் வந்து தொடையில் ஊசி போட்டு, இங்கே கொண்டுவந்து நரம்பில் ஒன்றுக்கு மேல் ஒன்று ஏற்றி, அதற்கப்புறம்தான் கை தானாகத் திறந்தது என்றார்கள். உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்திருந்தது. பியூலா அக்கா அதைத் துடைத்துக்கொண்டே, புள்ளைய ஒண்ணும் வையாத கனி என்றாள். சண்முகக்கனி வையவில்லை. அதைவிட மோசமாக ஒன்று செய்தாள். செல்வகணேசன் போனில், சாவி எங்கே போச்சு, இவ்வளவு நேரம் ஏன் மருந்து போடவில்லை என்று கத்தியபோது, "நாந்தான் பீரோவப் பூட்டிட்டு வந்தேன், கையிலயே வெச்சிருந்துட்டேன்" என்றாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தது. தர்ஷி கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குத் தெரியும் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது, பிள்ளைக்குத் தெரிந்தது அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது, அதற்குப் பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நல்லதென்று நினைத்துச் சொன்ன பொய் ஒரு பூட்டாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. அவள் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடம் அதுகூட இல்லை. அந்த விரல்களைப் பிரித்துக்கொண்டிருந்த நேரம். அம்மா, அம்மா என்று கூப்பிட்டிருப்பாள். கூப்பிட்டாளா என்று பியூலா அக்காவிடம் கேட்கவில்லை, கூப்பிட்டிருப்பாள். பரவாயில்லட்டி, விடு, அடுத்து என்ன செய்யணும்னு யோசி என்று சொல்ல அங்கே ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் அங்கேதான் கிடந்தாள், கண்கூடத் திறந்துதான் இருந்ததாம். ஒரே கூடத்தில் இரண்டு பேரும் தனித்தனியாக இருந்தார்கள். தன்னுடைய தனிமையில் தான் இல்லை, அது ஒரு வசதி. பிள்ளை தன் தனிமையில் முழுசாக இருந்தாள்.

"ஏம்மா அதையே பாத்துட்டு இருக்க?" என்றாள் தர்ஷி.

சண்முகக்கனிக்கு ஒரு நிமிடம் எது என்று புரியவில்லை. கடிகாரம். சும்மாதான் என்றாள்.

"அது ஸ்லோவாப் போவுது. தப்பு டைம்."

அப்படியானால் பார்த்த ஐந்து நிமிடமும் ஐந்து நிமிடமில்லை. அதுவும் முழுசாகப் பார்க்கவில்லை, மூன்று தடவையும் பாதியில் நழுவி எங்கெங்கோ போய்விட்டாள். கண்ணை எடுக்காமல் ஐந்து நிமிடம் எதையும் பார்க்க முடியாது போல. தர்ஷி பார்த்திருக்கிறாள், ஐந்துக்கு மேலேயும் பார்த்திருக்கிறாள். இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சாவி விஷயம் எனக்குத் தெரியும், உன்மேல் தப்பில்லை, பத்திரம் என்று பூட்டிவைத்தேனே, அந்தத் தப்பு என்னுடையது. நாலு வார்த்தைதான். வாயில் திரண்டு வந்தது. பெஞ்சின் அந்த முனையில் ஒரு கிழவர் தன் மனைவியின் ஸ்கேன் கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார், அவர் முழித்துவிடுவாரோ என்று பார்த்தாள், நர்ஸ் கதவைத் திறப்பாளோ என்று பார்த்தாள். பசிக்கா என்று கேட்டாள். இல்லை என்றாள் தர்ஷி. ஜிப்பை இழுத்தாள், மூடினாள். அந்த விரல்கள் ஒல்லியாக, நகம் கடித்த விரல்கள். அவற்றால் தன் விரல்களை எப்படிப் பிரித்திருக்க முடியும். அனுப்பிவிட வேண்டும் என்று அந்த விரல்களைப் பார்க்கும்போது தீர்மானமாகத் தெரிந்தது. மாடியறை, மேசை, கதவைத் தட்டுமுன் நின்று கேட்க வேண்டாத ஒரு வீடு. அனுப்பிவிட வேண்டும். கண்ணை எடுத்த உடனே அந்தத் தீர்மானம் கரைந்தது. அனுப்பிவிட்டால் பிள்ளை என்ன நினைப்பாள்? சாவிக்காகத்தான் அனுப்புகிறாள் என்று நினைக்கமாட்டாளா? வாழ்நாள் முழுக்க, தான் ஒரு தப்புச் செய்தோம், அதனால் அம்மா தன்னைத் தள்ளிவிட்டாள் என்று. வைத்துக்கொண்டால்? வைத்துக்கொண்டு ஸ்பிரேயைக் கையில் கொடுத்தால், இன்னொரு தடவை கை தவறினால்? அப்போது நான் விழிக்காமல் போனால், யார் அவளிடம் பொய்யாவது சொல்வார்கள்? கேள்வி ஒரு சுற்றுச் சுற்றி, ஒன்பதுக்குப் பக்கத்தில் நடுங்கி, மறுபடி மேலே ஏறியது.

சண்முகக்கனி, சண்முகக்கனி என்று நர்ஸ் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தாள்.

டாக்டரம்மா முந்தைய சீட்டுகளைப் புரட்டிவிட்டு, மாத்திரை விடாமல் போடுகிறீர்களா, தூக்கம் எப்படி என்று கேட்டுவிட்டு, யோசித்தீர்களா என்றார். ஸ்பிரேயே எழுதுங்கள் என்றாள் சண்முகக்கனி. இந்தத் தடவை பீரோவில் வைக்கமாட்டேன் என்றும் சொன்னாள். அதை எதற்குச் சொன்னோம் என்று உடனே இருந்தது, தர்ஷியின் பக்கம் திரும்பவில்லை. யார் போடுவார்கள் என்று டாக்டரம்மா கேட்டார். பியூலா அக்காவின் பெயரைச் சொன்னாள். அவர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் என்று டாக்டரம்மா கேட்டார். சண்முகக்கனி வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொல்லத் தொடங்கினாள், இவளைத் தென்காசியில் இவ அத்தை வீட்டில் விட்டுப் படிக்கவைக்கலாம் என்று, அதற்கு மேல் வாக்கியம் ஓடவில்லை. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். வீட்டில் ஆள் இருந்தால் ஒரு மாதிரி எழுத வேண்டும், இல்லையென்றால் உங்களைத் தனியாக விடுவதைப் பற்றியே வேறு மாதிரிப் பேச வேண்டும், அதனால் தெரிந்தாக வேண்டும் என்றார். பிறகு நாற்காலியைத் திருப்பித் தர்ஷிகாவிடம், "உன்னக் கேக்கறேன். இதப் போடக் கத்துக்கறியா, அத்தை வீட்டுல இருந்து படிக்கறியா? எது சொன்னாலும் தப்பில்ல" என்றார்.

சண்முகக்கனி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கத்துக்கறேன் என்றால் நெஞ்சு உடையும், போறேன் என்றாலும் நெஞ்சு உடையும். இரண்டில் எதற்கு அதிகமாக என்று அந்த நேரத்திலும் அவளால் சொல்ல முடியவில்லை. "சொல்லுட்டி. சாவிய நெனச்சுச் சொல்லாத. அது என் தப்பு, உன் தப்பில்ல" என்றாள். எந்தச் சாவி என்று டாக்டரம்மா கேட்கவில்லை. தர்ஷிகா அம்மாவைப் பார்த்தாள், ஜிப்பை இழுக்கவில்லை.

தென்காசிக்குப் போகமாட்டேன் என்றாள். மருந்து போடவும் கற்றுக்கொள்ளமாட்டேன் என்றாள். அம்மா விழுந்தால் ஒருக்களித்துப் படுக்கவைப்பதாகவும், 108-க்குப் போன் பண்ணுவதாகவும், அவர்கள் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாகவும், ஸ்பிரேயை மட்டும் தொடமாட்டேன் என்றும் சொன்னாள். டாக்டரம்மா இன்னொரு தடவை கேட்டார். அதையே சொன்னாள்.